ரத்தான ப்ராஜெக்ட்களிலிருந்து வந்த டைனோசர்கள்



இந்த வார எபிசோடில் அனிமேஷன் மென்பொருள் பற்றிப் பேசும்போது நடுவில் ஒரு பெயரைச் சொல்லிட்டு, நேரம் பத்தாததால் அப்படியே விட்டுட்டோம். வில்லிஸ் ஓப்ரையன். "யாருங்க அவர்?" என்று நீங்க கேட்பதற்கு முன்னாடியே பதிலை எழுதிடலாம்னு உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளமா போயிடுச்சு. டீ ஒன்னு போட்டுக்கிட்டு வந்து படிங்க.

முதலில் ஒரு சின்ன அறிமுகம். பழைய ஹாலிவுட்டில் 'தொலைந்த உலகம்' என்று ஒரு படவகை இருந்தது. கதை கிட்டத்தட்ட எப்பவும் ஒன்னுதான். ஒரு பேராசிரியர், ஒரு வேட்டைக்காரர், ஒரு பத்திரிகையாளர், ஒரு இளம்பெண் எல்லாரும் சேர்ந்து யாருமே போகாத ஒரு இடத்துக்குப் போவாங்க. அது மேலே ஏற முடியாத ஒரு பீடபூமியா இருக்கும், இல்லைன்னா மூடுபனி சூழ்ந்த தீவு, அதுவும் இல்லைன்னா மலைகளுக்கு நடுவே ஒளிந்த பள்ளத்தாக்கு. அங்கே டைனோசர்கள் இன்னும் உயிரோடு இருக்கும். ஓடுவாங்க, தப்பிப்பாங்க, முடிந்தால் ஒன்னைப் பிடிச்சு ஊருக்குக் கொண்டுவருவாங்க. அது கட்டை அறுத்துக்கிட்டு நகரத்தை இடிக்கும்.

இதுக்கு மூலம், ஷெர்லாக் ஹோம்ஸை எழுதிய ஆர்தர் கோனன் டாயில் 1912-ல் எழுதிய 'த லாஸ்ட் வேர்ல்ட்' நாவல். ஜுராசிக் பார்க் வரைக்கும் எல்லாரும் அந்த வீட்டுப் பிள்ளைகள்தான்.

கதை எளிது. டைனோசரைத் திரையில் எப்படிக் காட்டுவது என்பதுதான் பிரச்சினை. கம்ப்யூட்டர் கிடையாது. டைனோசரும் கிடையாது, கடைசியாக அவை பூமியில் நடந்து 6.6 கோடி வருஷம் ஆச்சு. இந்தப் பிரச்சினையைத் தீர்க்க ஒரு மனிதர் வாழ்நாள் முழுக்க உழைத்தார். அவர் ஆரம்பித்த படங்களில் பல பாதியிலேயே ரத்தாகிப் போச்சு. அப்படி ரத்தானவை பிறகு எங்கே போய்ச் சேர்ந்தன என்பதுதான் இன்றைய விஷயம்.

எலும்புக்கூட்டிலிருந்து தொடங்குவோம்

ஓப்ரையன் 1886-ல் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் பிறந்தவர். மாட்டுப் பண்ணையில் வேலை, குத்துச்சண்டை, பளிங்குக்கல் செதுக்குவது, பத்திரிகையில் விளையாட்டு கார்ட்டூன் வரைவது என்று கைக்குக் கிடைத்த வேலையெல்லாம் பார்த்தவர். களிமண் பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் படம் பிடித்தால் அது தானாக அசைவது போலத் தெரியும் என்பதில் அவருக்கு ஆர்வம் வந்தது. 1915 வாக்கில் 'த டைனோசர் அண்ட் த மிஸ்ஸிங் லிங்க்' என்று ஒரு சின்ன நகைச்சுவைப் படம் எடுத்தார். அதை எடிசன் நிறுவனம் வாங்கியது.

இந்த முறைக்கு ஸ்டாப் மோஷன் என்று பெயர். பொம்மையை ஒரு நிலையில் வைத்து ஒரு ஃபிரேம் எடுக்கணும். காலை ஒரு மில்லிமீட்டர் நகர்த்தி அடுத்த ஃபிரேம். கழுத்தைத் துளி திருப்பி அடுத்தது. பேசும் படங்களுக்கு வினாடிக்கு 24 ஃபிரேம். அதாவது பத்து வினாடி நடை என்றால் 240 முறை பொம்மையைத் தொடணும். நடுவில் போன் அடிச்சுது, கை தவறிடுச்சு என்றால் போச்சு. அன்டூ பட்டன் கிடையாது. எடுத்ததைத் திரும்பிப் பார்க்க மானிட்டரும் கிடையாது. ஃபிலிமைக் கழுவிப் பார்த்த பிறகுதான் டைனோசர் நடந்ததா நொண்டியதா என்று தெரியும். முந்தைய ஃபிரேமில் மூக்கு எங்கே இருந்தது என்று நினைவு வைத்துக்கொள்ள, கூரான முனை உள்ள ஒரு சின்ன தாங்கியைப் பொம்மையின் பக்கத்தில் வைத்து அளந்து, படம் எடுக்கும் முன் அதை எடுத்துவிடுவார்கள்.

1925-ல் வெளிவந்த 'த லாஸ்ட் வேர்ல்ட்' படத்துக்காக ஓப்ரையன் மார்செல் டெல்காடோ என்ற மெக்சிகோ இளைஞரைச் சேர்த்துக்கொண்டார். ஓவிய வகுப்பில் அறிமுகமானவர். டெல்காடோ செய்த பொம்மைகள் வெறும் களிமண் இல்லை. உள்ளே உலோக எலும்புக்கூடு, ஒவ்வொரு மூட்டிலும் எந்தப் பக்கமும் திரும்பக்கூடிய குண்டு மூட்டு. அதன் மேல் பஞ்சால் ஆன தசை. அதற்கு மேல் ரப்பர் தோல். சில பொம்மைகளுக்குள் காற்றுப் பை வைத்து ஊதி, மூச்சு விடுவது போலவும் காட்டினார்கள்.

பிளெண்டரோ மாயாவோ தொட்டவர்களுக்கு இது உடனே புரியும். நீங்க கேரக்டருக்குள் வைக்கும் 'ரிக்' இருக்கே, அதுவேதான். எலும்பு, மூட்டு, மூட்டு எவ்வளவு திரும்பலாம் என்ற வரம்பு, மேலே தோல். இன்றைய மென்பொருள் மெனுவில் இருப்பதை டெல்காடோ லேத் மெஷினும் ரப்பரும் வைத்துச் செய்தார்.

பலன் எப்படி? 1922-ல், படம் முடியும் முன்பே, கோனன் டாயில் சோதனைக் காட்சிகளை நியூயார்க்கில் அமெரிக்க மந்திரவாதிகள் சங்கத்தின் விருந்துக்குக் கொண்டுபோனார். ஹூடினியும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். ஆவிகளோடு பேச முடியும் என்று டாயில் நம்பியவர், மந்திரவாதிகளோ அதைக் கேலி செய்கிறவர்கள். இது என்ன, எங்கிருந்து வந்தது என்று ஒரு வார்த்தை சொல்லாமல் படத்தை ஓட்டினார். தந்திரம் செய்வதையே தொழிலாக வைத்திருந்தவர்களுக்கும் பிடிபடவில்லை. மறுநாள் நியூயார்க் டைம்ஸ், இவை போலி என்றால் தலைசிறந்த போலி என்ற பொருளில் எழுதியது. அதன் பிறகுதான் டாயில் உண்மையைச் சொன்னார்.

லண்டனில் இருக்கிற நம்ம ஆட்களுக்கு ஒரு கூடுதல் தகவல். அந்தப் படத்தின் முடிவில் பிரான்டோசாரஸ் ஒன்று லண்டன் தெருவில் இறங்கி நடந்து, டவர் பிரிட்ஜ் பாரம் தாங்காமல் உடைந்து, தேம்ஸில் நீந்திப் போகும். நூறு வருஷத்துக்கு முந்தைய காட்சி. இப்பவும் பார்க்கலாம்.

குறுக்கு வழிகள்

இவ்வளவு நல்லா இருந்தால் எல்லாரும் இதையே செய்திருக்கணுமே? செய்யலை. காரணம் உங்களுக்கே தெரியும். பட்ஜெட், டெட்லைன்.

ஸ்டாப் மோஷனில் ஒருநாள் முழுக்க உழைத்தால் சில வினாடிக் காட்சி கிடைக்கும். எத்தனை பேரைச் சேர்த்தாலும் பெருசா வேகம் கூடாது. ஒரு பொம்மையின் நடையை ஒரே ஆள் செய்தால்தான் அந்த நடைக்கு ஒரு தொடர்ச்சி இருக்கும். அதனால் ஸ்டூடியோக்கள் வேறு வழிகளைத் தேடின.

ஒன்று, மனிதனுக்கு டைனோசர் உடை மாட்டி நடக்க விடுவது. 1948-ல் வந்த 'அன்னோன் ஐலண்ட்' படத்தில் இதைப் பார்க்கலாம். மலிவு, வேகம். ஆனால் மனிதனின் முழங்கால் எந்தப் பக்கம் மடங்கும் என்பதை உடை மறைக்காது. ரப்பர் கோட்டு போட்ட மாமா ஒருத்தர் நடப்பது போலவே இருக்கும்.

இரண்டாவது, நிஜப் பல்லி. 1940-ல் வந்த 'ஒன் மில்லியன் பி.சி.' படத்தில் உடும்பு, முதலைக்குட்டி போன்றவற்றின் முதுகில் துடுப்பை ஒட்டி, சின்ன செட்டுக்குள் விட்டு, வேகமாகப் படம் பிடித்து மெதுவாக ஓட்டிக் காட்டினார்கள். அசைவு நிஜம்தான், ஆனால் பல்லியின் அசைவு. டைனோசர்களின் கால் உடலுக்கு நேர்கீழே தூண் மாதிரி நிற்கும். பல்லியின் கால் பக்கவாட்டில் விரிந்திருக்கும். இந்த ஒரு வித்தியாசமே மொத்தத்தையும் கெடுத்துவிடும். பாவம், அந்தப் பிராணிகளை உண்மையாகவே மோதவும் விட்டார்கள். இன்றைக்குப் பார்த்தால் அருவருப்பாக இருக்கும்.

ஆனால் அந்தப் பல்லிக் காட்சிகள்தான் பெரிய 'ஹிட்'. அடுத்த இருபது, முப்பது வருஷங்களுக்கு, காசில்லாத தயாரிப்பாளர்கள் அதே காட்சிகளை வாங்கித் தங்கள் படங்களில் ஒட்டிக்கொண்டார்கள். யாரோ எப்போதோ எழுதிய லைப்ரரியை, உள்ளே என்ன இருக்குன்னு பார்க்காமலே எல்லாரும் இம்போர்ட் பண்ணுகிற மாதிரி.

முதல் ரத்து

இப்போ ஓப்ரையனிடம் திரும்புவோம். 'த லாஸ்ட் வேர்ல்ட்' வெற்றிக்குப் பிறகு, அதே இயக்குநர் ஹாரி ஹாய்ட்டோடு சேர்ந்து ஆர்.கே.ஓ. ஸ்டூடியோவில் 'கிரியேஷன்' என்ற படத்தை ஆரம்பித்தார். மறுபடியும் டைனோசர் தீவு. பல மாத வேலை. பொம்மைகள், கண்ணாடியில் வரைந்த காடுகள், சோதனைக் காட்சிகள் எல்லாம் தயார்.

அப்போது ஸ்டூடியோ நஷ்டத்தில் இருந்தது. எந்தப் படத்தைத் தொடரலாம், எதை நிறுத்தலாம் என்று பார்க்க மெரியன் கூப்பர் என்பவரை வைத்தார்கள். அவர் 'கிரியேஷன்' காட்சிகளைப் பார்த்தார். கதை சலிப்பு என்று முடிவு செய்து, 1931-ல் நிறுத்திட்டார். இப்போது அதில் மிஞ்சியிருப்பது சில நிமிடங்கள் மட்டுமே. ஒருவன் ட்ரைசெராடாப்ஸ் குட்டியைச் சுடுகிறான், தாய் அவனைத் துரத்துகிறது.

ஆனால் கூப்பருக்குச் சொந்தமாக ஒரு கனவு இருந்தது. ராட்சதக் கொரில்லா ஒன்றைப் பற்றிய படம். அதை எப்படி எடுப்பது என்று தெரியாமல் திணறிக்கிட்டு இருந்தவர், ஓப்ரையனின் ரீலைப் பார்த்ததும் 'இதுதான் வழி' என்று பிடித்துக்கொண்டார். கதையைத் தூக்கிப் போட்டார், ஆட்களையும் முறையையும் வைத்துக்கொண்டார். 'கிரியேஷன்' பொம்மைகள் சிலவும் அப்படியே புதுப் படத்துக்குள் போயின. காட்டு செட்டையும் அதே ஸ்டூடியோவின் 'த மோஸ்ட் டேஞ்சரஸ் கேம்' என்ற இன்னொரு படத்தோடு பங்கு போட்டுக்கொண்டார்கள். அப்படி வந்ததுதான் 1933-ன் 'கிங் காங்'.

காங் பொம்மையின் உயரம் சுமார் 18 அங்குலம். மேலே முயல் ரோமம். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் விரல் பட்டு ரோமம் கலைவதால், திரையில் காங்கின் உடம்பு சிலிர்த்துக்கிட்டே இருப்பது போலத் தெரியும். டைரனோசாரஸோடு சண்டை போட்டு அதன் தாடையைக் கிழித்த பிறகு, அது செத்துடுச்சா என்று காங் அந்தத் தாடையை ஆட்டிப் பார்க்கும். அந்த ஒரு வினாடியில் பொம்மை யோசிக்கிறது. உடை போட்ட ஆளிடமோ உடும்பிடமோ இது கிடைக்காது.

வீணா போச்சா?

போன மாதம் என் சித்தி பையன் போன் பண்ணினான். படிப்பு முடிந்து முதல் வேலை. எட்டு மாதமாக ஒரு டீமோடு சேர்ந்து கட்டிய ப்ராடக்டை, ஒரு வியாழக்கிழமை மதியம் இருபது நிமிட மீட்டிங்கில் நிறுத்திட்டாங்க. வேலை போகலை, வேறு டீமுக்கு மாத்திட்டாங்க. ஆனாலும் அவன் குரல் உடைந்திருந்தது. "அப்போ நான் இவ்வளவு நாள் செஞ்சது எல்லாம் வேஸ்ட்டா அண்ணா?"

நான் காண்ட்ராக்டர். ஆறு மாதம் ஓரிடம், ஒன்பது மாதம் வேறிடம். இத்தனை வருஷத்தில் நான் எழுதிய கோடில் பாதிகூட இன்றைக்கு எங்கேயும் ஓடிக்கிட்டு இருக்காது. சிலது யூசர் ஒருத்தர்கூடப் பார்க்காமலே குப்பைக்குப் போனது. "அதெல்லாம் அனுபவம்டா" என்று சொல்வது எளிது. எங்கப்பா தலைமுறைக்கு அது போதும். அவனுக்குப் போதலை, எனக்கும் போதலை. அதனால் ஓப்ரையன் கதையை அவனுக்கு முழுசா சொன்னேன், சந்தோஷமில்லாத பகுதியையும் சேர்த்து.

'கிங் காங்'குக்குப் பிறகு ஓப்ரையன் ராஜா மாதிரி இருந்திருக்கணும். நடந்தது வேறு. 1930-களின் இறுதியில் 'வார் ஈகிள்ஸ்' என்ற பிரம்மாண்டத் திட்டம். டைனோசர்கள் உள்ள மறைந்த நாடு, ராட்சதக் கழுகுகள். போர் வந்தது, கூப்பர் ராணுவத்துக்குப் போனார், ரத்து. அடுத்து 'குவாங்கி'. கவ்பாய்கள் ஒரு மறைந்த பள்ளத்தாக்கில் அலோசாரஸைக் கண்டு, குதிரை மேலிருந்து கயிறு வீசிப் பிடிக்கிற கதை. 1942-ல் அதுவும் ரத்து.

இதற்கிடையில் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு பையன். பெயர் ரே ஹாரிஹாவுசன். 13 வயதில் 'கிங் காங்' பார்த்துட்டு, இது எப்படி என்று கண்டுபிடிக்காமல் தூங்க மாட்டேன் என்று வீட்டு கராஜில் பொம்மை செய்ய ஆரம்பித்தவன். பள்ளியில் படிக்கும்போதே ஓப்ரையனுக்குப் போன் பண்ணி, செய்த டைனோசர்களை ஒரு பெட்டியில் எடுத்துக்கிட்டு நேரில் போய்க் காட்டினான். ஓப்ரையன் பாராட்டி அனுப்பவில்லை. உன் ஸ்டெகோசாரஸின் கால் சாசேஜ் மாதிரி இருக்கு, போய் உடற்கூறு படி, தசை எங்கே எலும்போடு சேருதுன்னு பாரு என்றார். பையன் போய் வகுப்பில் சேர்ந்து படித்தான்.

1949-ல் வந்த 'மைட்டி ஜோ யங்' படத்தில் அந்தப் பையன் ஓப்ரையனின் உதவியாளர். அனிமேஷனில் பெரும்பகுதியைச் செய்தது அவர்தான். அந்தப் படத்தில், ஆப்பிரிக்காவில் கவ்பாய்கள் கொரில்லாவைக் கயிறு வீசிப் பிடிக்கப் பார்க்கும் காட்சி ஒன்று வரும். எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? ரத்தான 'குவாங்கி'யின் காட்சிதான், டைனோசர் இடத்தில் கொரில்லா. சிறப்புக் காட்சிகளுக்கான ஆஸ்கர் அந்தப் படத்துக்குக் கிடைத்தது.

1960

இனிதான் கஷ்டமான இடம். 1960-ல் இயக்குநர் இர்வின் ஆலன் 'த லாஸ்ட் வேர்ல்ட்' படத்தைக் கலரில் மறுபடி எடுத்தார். ஓப்ரையனையும் வேலைக்கு எடுத்தார்கள். 35 வருஷத்துக்கு முன் அதே கதையைப் படமாக்கி மந்திரவாதிகளையே திகைக்க வைத்தவர். இதைவிடப் பொருத்தமான ஆள் உலகத்தில் இல்லை.

படத்தில் வந்தது பல்லிகள். உடும்பு, இகுவானா, முதலை. கொம்பும் துடுப்பும் ஒட்டி விட்டிருந்தார்கள். ஸ்டாப் மோஷனுக்குக் காசும் நேரமும் ஒதுக்கவில்லை. டைட்டிலில் ஓப்ரையனின் பெயர் வெறும் 'எஃபெக்ட்ஸ் டெக்னீஷியன்' என்று வருகிறது. அந்தப் பல்லிக் காட்சிகளையும் பிறகு 'வாயேஜ் டு த பாட்டம் ஆஃப் த சீ' டிவி தொடரில் மறுபடி பயன்படுத்தினார்கள்.

அதே காலத்தில் காங்கும் ஃபிராங்கன்ஸ்டைன் வகை ராட்சதனும் மோதும் ஒரு கதையை அவர் எழுதி வைத்திருந்தார். அது ஒரு தயாரிப்பாளர் கைமாறி ஜப்பானுக்குப் போய், 1962-ல் 'கிங் காங் வெர்சஸ் காட்ஸில்லா' ஆனது. அதில் காங், உடை போட்ட ஒரு நடிகர். ஓப்ரையனின் பெயர் இல்லை. அதே வருஷம் நவம்பரில் அவர் இறந்துபோனார்.

இதை நான் மறைக்க விரும்பலை. 'எதுவும் வீண் போகாது' என்று சொல்கிறவர்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிப் போயிடுவாங்க. அவருடைய உழைப்பு வீண் போகவில்லை என்பது உண்மை. ஆனால் அதன் பலன் அவர் கைக்கு வரவில்லை என்பதும் உண்மை.

கயிறு எப்படிப் பிடித்தது

ஹாரிஹாவுசன் இதற்குள் தனி ஆளாகப் பெயர் வாங்கியிருந்தார். குறைந்த செலவில் பொம்மையையும் நிஜ நடிகர்களையும் ஒரே காட்சியில் சேர்க்க அவர் பயன்படுத்திய முறைக்கு 'டைனமேஷன்' என்று பெயர் வைத்தார்கள். எளிதாகச் சொல்றேன், கற்பனை பண்ணிப் பாருங்க.

நடிகர்களை வைத்து முதலில் காட்சியை எடுத்தாச்சு. அந்த ஃபிலிமை ஒரு சின்னத் திரையில் பின்னாலிருந்து ஒரு நேரத்தில் ஒரு ஃபிரேமாக ஒளிபரப்பணும். திரைக்கு முன்னால் மேசை, மேசை மேல் பொம்மை. பொம்மைக்கும் கேமராவுக்கும் நடுவே ஒரு கண்ணாடி, அதன் கீழ்ப்பகுதியில் கறுப்பு பெயின்ட். அந்தக் கறுப்பு மேசையை மறைத்துவிடும். பொம்மையைக் கொஞ்சம் நகர்த்து, பின்னால் ஃபிலிமை ஒரு ஃபிரேம் தள்ளு, ஒரு ஃபிரேம் எடு. காட்சி முடிந்ததும் கேமராவில் இருக்கும் ஃபிலிமைத் திருப்பிச் சுற்றி, இப்போது மேல்பகுதியை மறைத்து, கீழ்ப்பகுதியில் நிஜத் தரையை மட்டும் பதிவு செய். முடிவில் பொம்மை நிஜத் தரைக்குப் பின்னாலும் நிஜ மலைக்கு முன்னாலும் நிற்கும்.

ஃபோட்டோஷாப் மொழியில் சொன்னால் இரண்டு லேயர், ஒரு மாஸ்க். வித்தியாசம் ஒன்னுதான். இதில் 'சேவ்' கிடையாது. ஒரே ஃபிலிம் இரண்டு முறை ஓடுது. இரண்டாவது சுற்றில் பிசகினால் முதல் சுற்றும் சேர்ந்து போச்சு.

இந்த முறையோடு, தன் குருவின் பழைய 'குவாங்கி' திட்டத்தைத் தூசி தட்டித் தயாரிப்பாளர் சார்ல்ஸ் ஷ்னீரிடம் கொண்டுபோனார் ஹாரிஹாவுசன். ஓப்ரையன் இறந்து ஏழு வருஷம் கழித்து, 1969-ல் 'த வேலி ஆஃப் குவாங்கி' வெளிவந்தது. கதை நடப்பது மெக்சிகோவில், எடுத்தது ஸ்பெயினில்.

அதில் அந்தக் கயிறு வீசும் காட்சியை அவசியம் பாருங்க. நாலைந்து குதிரைகள் சுற்றி ஓட, கயிறுகள் பறந்து வந்து அலோசாரஸின் கழுத்தில் விழும். படப்பிடிப்பில் கவ்பாய்கள் கயிறு மாட்டி இழுத்தது ஒரு ஜீப்பில் நட்ட உயரமான கம்பத்தை. பிறகு ஸ்டூடியோவில், அந்த ஜீப் இருந்த இடத்தை மறைக்கும்படி பொம்மையை நிறுத்தி, பொம்மையின் கழுத்திலிருந்து மெல்லிய கம்பிகளை நீட்டி, திரையில் தெரியும் நிஜக் கயிற்றின் முனையோடு சேரும்படி வைத்தார். ஒவ்வொரு கயிறுக்கும், ஒவ்வொரு ஃபிரேமுக்கும். சில நிமிடக் காட்சிக்கு மாதக்கணக்கில் வேலை.

படம் சரியாக ஓடவில்லை. ஆனால் இன்றைக்கும் அனிமேட்டர்கள் அந்தக் காட்சியைத்தான் ஓட்டி ஓட்டிப் பார்க்கிறார்கள்.

கடைசி மூட்டு

ஸ்டாப் மோஷனுக்கு ஒரு பிறவிக் குறை உண்டு. நிஜக் கேமராவில் வேகமாக ஓடும் ஆளைப் படம் பிடித்தால், ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் அவர் நகர்வதால் கொஞ்சம் கலங்கித் தெரியும். கண்ணுக்கு அந்தக் கலங்கல்தான் 'ஓட்டம்'. பொம்மையோ படம் எடுக்கும்போது அசையாமல் நிற்கிறது. எல்லா ஃபிரேமும் துல்லியம். அதனால்தான் அசைவு வெட்டி வெட்டித் தெரியும்.

இதைத் தீர்க்க, ஷட்டர் திறந்திருக்கும்போதே மோட்டார் பொருத்திய கம்பிகளால் பொம்மையைத் துளி நகர்த்தும் 'கோ மோஷன்' முறை வந்தது. 1981-ல் 'டிராகன்ஸ்லேயர்' படத்தில் பயன்பட்டது. அதில் பெயர் பெற்றவர் ஃபில் டிப்பெட், சின்ன வயதில் ஹாரிஹாவுசன் படம் பார்த்து இந்தத் தொழிலுக்கு வந்தவர். 'ஜுராசிக் பார்க்' படத்தின் டைனோசர்களை இந்த முறையில் செய்யத்தான் ஸ்பீல்பெர்க் அவரை எடுத்தார்.

பிறகு டென்னிஸ் முரெனின் குழு கம்ப்யூட்டரில் செய்த டைரனோசாரஸ் சோதனையைக் காட்டியது. கலங்கல், எடை, எல்லாம் சரியாக இருந்தது. நான் அழிந்துபோன இனம் ஆயிட்டேன் என்ற அர்த்தத்தில் டிப்பெட் சொன்னார். ஸ்பீல்பெர்க் அதை வசனமாகப் படத்திலேயே சேர்த்துட்டார். இந்தக் கதையைப் பலர் இத்தோடு நிறுத்திடுவாங்க. பழைய ஆள் போனார், கம்ப்யூட்டர் வந்தது, முடிஞ்சுது.

முடியலை. கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் எல்லாருக்கும் ஒரு விலங்கு எப்படி நடக்கும், பாரம் எந்தக் காலில் விழும், திரும்பும் முன் தலை எப்போ அசையும் என்று தெரியாது. தெரிந்தவர்கள் டிப்பெட்டின் ஆட்கள், அவர்களுக்கோ கம்ப்யூட்டர் தெரியாது. அதனால் கிரெய்க் ஹேய்ஸ் வடிவமைத்து ஒரு கருவி செய்தார்கள். ஆங்கிலத்தில் 'டைனோசர் இன்புட் டிவைஸ்'. பார்க்க டெல்காடோவின் உலோக எலும்புக்கூடு மாதிரியே இருக்கும், ஆனால் ஒவ்வொரு மூட்டிலும் ஒரு சென்சார். அனிமேட்டர் பழையபடி கையால் மூட்டைத் திருப்புவார், கோணம் எண்ணாக மாறிக் கம்ப்யூட்டருக்குள் போகும், திரையில் டைனோசர் அசையும். படத்தின் சில காட்சிகள் அப்படியே உருவாயின. டிப்பெட் டைனோசர் மேற்பார்வையாளராகத் தொடர்ந்தார், அந்தப் படத்துக்கு ஆஸ்கரும் வாங்கினார்.

ஆக, 1920-களில் செய்த அந்தக் குண்டு மூட்டு எலும்புக்கூடு, 1993-ல் கம்ப்யூட்டரின் இன்புட் போர்ட்டாக வந்து நின்றது. பொம்மை ரப்பரிலிருந்து பாலிகனாக மாறியது. எந்த மூட்டை எப்போ எவ்வளவு திருப்பணும் என்ற அறிவு மாறவில்லை.

நம்ம வேலைக்கு

சித்தி பையனுக்கு நான் சொன்னதையே உங்களுக்கும் சொல்றேன். ரத்தான ப்ராஜெக்ட்டிலிருந்து தானாக எதுவும் வெளியே வராது. ஓப்ரையன் விஷயத்தில் வெளியே வந்தவற்றுக்கு இரண்டு காரணம் இருந்தது.

ஒன்று, காட்ட ஒரு ரீல் இருந்தது. 'கிரியேஷன்' வெறும் திட்டமாக, காகிதத்தில் இருந்திருந்தால் கூப்பர் எதைப் பார்த்து மயங்கியிருப்பார்? ப்ராஜெக்ட் நிற்கும் வாரத்தில் எல்லாரும் லேப்டாப்பை மூடிட்டுப் போயிடுவாங்க. அந்த வாரம் உட்கார்ந்து, எந்தப் பிரச்சினையை எப்படித் தீர்த்தோம் என்று இரண்டு பக்கம் எழுதி வைங்க. கம்பெனி கோடை எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லலை, அது தப்பு, கேஸ் ஆயிடும். கற்றது உங்களுடையது, அதை எழுதி வைங்க.

இரண்டு, பக்கத்தில் ஒரு ஆள் இருந்தார். 'குவாங்கி' 27 வருஷம் உயிரோடு இருந்ததற்கு, அதை நினைவு வைத்திருந்த ஒரு உதவியாளர்தான் காரணம். உங்க டீமுக்குப் புதுசா வரும் ஜூனியரின் கோடைப் பார்த்து 'நல்லா இருக்கு' என்று சொல்லி அனுப்பிடாதீங்க. கால் சாசேஜ் மாதிரி இருந்தால் சொல்லுங்க, எதைப் படிக்கணும்னும் சொல்லுங்க.

இன்றைக்கு ஏஐ வந்து எங்க வேலை என்ன ஆகும் என்று உங்களில் பலர் எழுதுறீங்க. எனக்கும் அந்தப் பயம் உண்டு, காண்ட்ராக்ட் முடியும் ஒவ்வொரு மாதமும் உண்டு. டிப்பெட்டுக்குக் கிடைத்தது எல்லாருக்கும் கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஓப்ரையனுக்குக் கிடைக்கலையே. ஆனால் கருவியை மட்டும் கற்றவர் கருவியோடு போவார், டைனோசர் எப்படி நடக்கும் என்று கற்றவரை யாராவது தேடி வர ஒரு காரணமாவது இருக்கும். அந்த அளவுக்கு நம்பிக்கை போதும்னு நினைக்கிறேன்.

இந்த வார இறுதிக்கு

நேரம் இருந்தால் இந்த வரிசையில் பாருங்க. முதலில் 1925 'த லாஸ்ட் வேர்ல்ட்'. இதுவே பல வருஷம் தொலைந்த படம். ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கிய பிரதிதான் நீண்டகாலம் இருந்தது, செக் நாட்டில் கிடைத்த பிரதி உட்படப் பல துண்டுகளைச் சேர்த்துப் பிறகு மீட்டார்கள். அடுத்து 1933 'கிங் காங்'. பிறகு 'குவாங்கி', முழுசா வேண்டாம் என்றால் கயிறு காட்சி மட்டும். கடைசியில் 'ஜுராசிக் பார்க்'. இந்தத் தடவை டைனோசரின் முகத்தைப் பார்க்காதீங்க, கால் தரையில் படும்போது உடம்பு எப்படி அதை வாங்கிக்கொள்கிறது என்று மட்டும் பாருங்க.

1960 படத்தை வேணும்னா அந்த உடும்புகளுக்காகப் பாருங்க, பாவம்.

உங்க வேலையில் ரத்தான ஒரு ப்ராஜெக்ட்டிலிருந்து நீங்க வெளியே எடுத்துக்கிட்டு வந்த ஒரு விஷயம் என்ன? இந்த மெயிலுக்கே பதில் போடுங்க. கம்பெனி பெயர் வேண்டாம். நல்லதா வந்தால் அடுத்த எபிசோடில் வாசிக்கிறோம்.

அடுத்த இதழில் பார்ப்போம்.